இடுப்பில் காற்று

கூண்டின் வலது முனை சுவரை விட்டு நகர்ந்தது. முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம். காலடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தெரு திறந்துகொள்வதைப் பல்லி பார்த்தான். நீலக் கூரை போட்ட பஸ் ஒன்று அந்த இடைவெளிக்குள் நுழைந்து, நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு வெளியே போயிற்று.

"மச்சான்!"

கூண்டின் இடது முனையிலிருந்து மாப்பிள்ளை கத்தினான். வேலைக்கு வேண்டிய ஒற்றைச் சொல்லைத் தவிர, அன்று காலையிலிருந்து அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"உங்க பக்கம் பின் கழண்டுடுச்சு மச்சான். கம்பியைப் பிடிங்க. கம்பியைப் பிடிங்க!"

"பிடிச்சிட்டுத்தான்டா இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அந்த 'டா' பல்லிக்கே உறைத்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் மாப்பிள்ளையை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டு வந்தான். அவர்கள் வீட்டு மரியாதை அப்படி. மாப்பிள்ளை என்பவன் பல்லியின் தங்கை புருஷன். வீட்டுக்கு வந்தால் 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க.' கூண்டில் ஏறினால் 'டேய் மாப்ள, அந்த வாளியை இப்படித் தள்ளு.' கூண்டிலும் 'வாங்க' என்றால் சண்டை நடக்கிறது என்று பொருள். கூட வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். அன்று காலை மொட்டைமாடியில் பல்லி, "மாப்பிள்ளை, பெல்ட்டை மாட்டிக்கோங்க" என்று சொன்னதும், மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவன், "ஆஹா, இன்னிக்கு மரியாதை பொங்கி வழியுதே" என்று முணுமுணுத்தான்.

வங்கிகளும் வக்கீல் அலுவலகங்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் தெருவில், எல்லாவற்றையும் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிற கட்டடம் அது. வாசலில் கருங்கல்லில் பொறித்த பெயர் ஒன்று அதற்கு உண்டு. அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. அடியில் அகலம், உச்சியில் அகலம், நடுவில் மட்டும் ஒட்டிப்போயிருப்பதால் ஊர் அதை இடுப்பு என்றது. பஸ் கண்டக்டர் "இடுப்பெல்லாம் இறங்கு" என்று கத்தினால் பழகியவர்கள் யாரும் சிரிப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் எதிர்ச் சாரியில் நின்று, இரண்டு விரலால் அதன் இடையைப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொள்வார்கள்.

கண்ணாடி துடைப்பவர்களுக்கு அந்த அழகே வினை. கூண்டு என்பது இரண்டு ஆள் நிற்கும் நீளமான தொட்டி. மொட்டைமாடி விளிம்பிலிருந்து இரண்டு வடங்களில் தொங்கும். நேராக நிற்கும் கட்டடத்தில் அது சுவரை உரசிக்கொண்டே இறங்கிவிடும். இடுப்பில் சுவர் உள்ளே போய்விடும்; கூண்டு மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஆகவே இறங்க இறங்கக் கூண்டைச் சுவரோடு சேர்த்துப் பிணைத்துக்கொண்டே போக வேண்டும். ஜன்னல் சட்டங்களில் அதற்கென்றே துளைகள் உண்டு. கூண்டின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு பட்டிகள். பட்டி நுனியில் கட்டைவிரல் தடிமனில் ஓர் எஃகுப் பின். பின்னைத் துளையில் வைத்து அழுத்தினால் உள்ளே பூட்டு விழும். காற்றுச் சத்தத்தில் அது காதுக்குக் கேட்காது. விரலில் ஒரு சின்ன உதறல் தெரியும், அவ்வளவுதான். கீழ்த் துளையில் புதிய பின் பூட்டிய பிறகே மேல் துளையில் இருக்கும் பழையதைக் கழற்ற வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவன் மாட்டியதை மற்றவன் வந்து ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். இவன் 'மாட்டியாச்சு' என்பான். அவன் இழுத்துப் பார்த்துவிட்டு 'ஆச்சு' என்பான். அதற்கு மறுபிடி என்று பெயர். கம்பெனி சொல்லிக்கொடுத்தது அல்ல. கூண்டுக்காரர்கள் தாங்களே வைத்துக்கொண்டது. அப்பனே மாட்டியிருந்தாலும் மகன் இழுத்துப் பார்க்க வேண்டும். அதில் யாருக்கும் ரோசம் கிடையாது.

சற்று முன்பு பல்லி கீழ்த் துளையில் பின்னை வைத்து அழுத்தினான். விரலில் உதறல் தெரியவில்லை. பல மாதங்களாகவே தெரிவதில்லை. உள்ளங்கையால் தட்டினான், போயிருக்கும் என்று வைத்துக்கொண்டான். "மாட்டியாச்சு" என்றான். மாப்பிள்ளை தன் முனையிலிருந்து நடந்து வந்தான், பட்டியை நோக்கிக் கையை நீட்டினான். பல்லி அவனை ஏறிட்டுப் பார்த்தான். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அது வாளியின் பிடியைத் தொட்டு, அதை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டுத் திரும்பிப் போனது.

"ஆச்சு" என்றான் மாப்பிள்ளை, முதுகைக் காட்டிக்கொண்டு.

பல்லி பழைய பின்னைக் கழற்றினான். அடுத்த காற்றுக்கே வலது முனை பிய்த்துக்கொண்டது.

இப்போது கூண்டு இடது பின் ஒன்றில் கோணிக்கொண்டு நின்றது. அந்தப் பின் நேர் இழுப்பைத் தாங்கும். முறுக்கலைத் தாங்காது. ஒவ்வொரு காற்றுக்கும் வலது முனை வெளியே போய், திரும்பி வந்து, போகும்போதெல்லாம் இடது பின் தன் துளையில் முனகியது. அதுவும் விட்டுவிட்டால் கூண்டு மொத்தமாக வெளியே வீசி, வந்த வேகத்தில் கண்ணாடியில் மோதும். உயிர்க்கயிறு தனியாக இருக்கிறது, ஆள் கீழே விழமாட்டான். ஆனால் மோதுகிற கூண்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் கயிற்றில் தொங்குகிறவன் கதி என்ன என்று இருவருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் மார்பில் தொங்கிய வாக்கி-டாக்கி கரகரத்தது.

"பல்லி, பல்லி, மேலேர்ந்து பேசறேன். கூண்டு ஏன்யா கோணிக்கிட்டு நிக்குது? தூக்கட்டுமா? ஓவர்."

மோட்டார்க்காரன்தான். வாய் ஓயாதவன் என்பதால் அவனுக்கு வானொலி என்று பெயர்.

மாப்பிள்ளை பேச்சுப் பொத்தானை அழுத்த, "தூக்காதே!" என்று கத்தினான் பல்லி.

"என்னது, தூக்கவா?"

"தூக்கினா செத்தோம்டா! இடது பக்கம் ஒரு பின்தான் இருக்கு. கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"சரி சரி, கோவப்படாதே. காத்து மீட்டர்ல முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. நான் அப்பவே சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"இவனை முதல்ல நிறுத்துங்க மச்சான்" என்றான் மாப்பிள்ளை. துடைக்கும் துணியைச் சுருட்டி வாக்கியின் பேச்சுப் பொத்தானுக்கு மேல் வைத்து பெல்ட்டுக்குள் இறுக்கிச் செருகினான். பொத்தான் அழுந்தியிருக்கும்வரை இவர்கள் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். வானொலி பேசுவது இவர்களுக்குக் கேட்காது. இரண்டு கையும் வேலையில் மாட்டும் நேரத்துக்கான ஏற்பாடு அது. வானொலியிடமிருந்து தப்பிக்கவும் சிலர் அதைச் செய்வதுண்டு.

எல்லோருக்கும் என்றால், மேலே வானொலிக்கு, வாசல் காவலாளிக்கு, கிடங்குக்காரனுக்கு, கீழே தடுப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர் மேடத்துக்கு.

பல்லி அந்தத் துணியைப் பார்த்தான்.

*

பல்லி என்பது அவனுக்கு இந்தக் கட்டடம் கொடுத்த பெயர். அதற்கு முன்பு அவன் சுவருக்கு வெள்ளையடித்தான், சாரம் கட்டினான், விளம்பரப் பலகைகளில் கயிற்றில் தொங்கிப் பெயின்ட் பூசினான். இடுப்பு திறந்த வருஷம், கண்ணாடிகளில் தொழிற்சாலைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தபோது, அவற்றைச் சுரண்டி எடுக்க ஆள் எடுத்தார்கள். ஒரு நாள் மோட்டார் நின்றுவிட்டது. ஜன்னல் சட்டத்தின் விளிம்பில் கால் வைத்து, கண்ணாடியில் கன்னம் ஒட்ட, மத்தியானம் முழுக்க நின்றான். ஆள் போய்ப் பார்த்தபோது, "வெயில் இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள சரி பண்ணிடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டான். அன்றிலிருந்து பல்லி. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, "பல்லியே சொல்லிடுச்சு, அப்புறமென்ன" என்று கேலி செய்வார்கள். அவனும் பல்லிபோல் உச்சுக் கொட்டிக் காட்டுவான்.

அவன் சின்னவனாக இருக்கும்போதே தகப்பன் போய்விட்டார். தங்கையை வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் அவன்தான். அவள் புருஷன் வேலை பார்த்த செருப்புக்கடை மூடியதும், இவனே கூட்டிவந்து கூண்டில் ஏற்றினான். தங்கைக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணே, எனக்கு இருக்கறது நீங்க ரெண்டு பேரு. ரெண்டையும் ஒரே கயித்துல தொங்க விடறியே" என்றாள்.

"ஒரே கயிறு இல்லடி. ஆளுக்கு ஒரு கயிறு. கூண்டுக்கு ரெண்டு வடம்."

"பகடி பண்ணாதே. காலையில எப்படிக் கூட்டிட்டுப் போறியோ அப்படியே சாயங்காலம் கொண்டாந்து விடணும். கீறல் இருக்கக் கூடாது."

"ஏன், ரசீது எழுதித் தரட்டுமா?"

அவள் சிரிக்கவில்லை. அவன் சரி என்றான். அதிலிருந்து தினமும் மாப்பிள்ளையை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனான்.

குளிர் காலத்தில் விரல் நுனிகள் மரத்தன. குளிர்தானே என்று விட்டான். குளிர் போயிற்று, மரப்பு போகவில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டும் பஞ்சு சுற்றியதுபோல் ஆயின. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் பனியன் துணிச் சட்டைகளுக்கு மாறினான். அவன் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். துணி விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. "பொத்தான் சட்டையெல்லாம் அப்படியே கிடக்கு. யாருக்குக் காட்ட இந்த வாலிபம்?" என்று கேட்டாள். "காத்தோட்டமா இருக்கு" என்றான். பிறகு ஒரு நாள் அவன் கையில் இருந்த தம்ளர் நழுவியது. அவள் தரையைத் துடைத்தாள்.

கூண்டில் மாப்பிள்ளைதான் கண்டுபிடித்தான். கண்ணாடி வழிக்கும் ரப்பர் கட்டை பல்லியின் கையிலிருந்து அடிக்கடி நழுவி, தன் கயிற்றில் ஊஞ்சலாடியது. அவன் பல்லியிடம் கேட்கவில்லை. வீட்டில் போய்ப் பெண்டாட்டியிடம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டாள் என்று பல்லி போனான். தங்கை தண்ணீர் கொடுத்தாள். கட்டடத்தில் யாரோ ஒரு வக்கீல் லிப்டில் மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்தே நஷ்டஈட்டு நோட்டீஸ் வாசித்த கதையைப் பல்லி கை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். கதை முடிந்து சிரித்தபோது சிரிப்பது தான் மட்டும்தான் என்று தெரிந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்ளரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. விரல்கள் சிவந்திருந்தன.

தங்கை அதை அவன் கையிலிருந்து முந்தானையால் பிடித்து வாங்கினாள்.

"கொதிக்கிற தண்ணிண்ணே" என்றாள்.

"என்னடி இது, போலீஸ் வேலையா?"

"சொல்லிடுண்ணே. அந்த மேடத்துக்கிட்ட நீயே சொல்லிடு. கீழ ஏதாவது வேலை குடுக்க மாட்டாங்களா?"

பல்லி மாப்பிள்ளையைப் பார்த்தான். "கூண்டுல நடக்கறதை வீட்டுக்குக் கொண்டுபோற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன். ரொம்ப நல்லாருக்கு மாப்பிள்ளை. நீங்களே மேடத்துக்கிட்ட சொல்லிடுங்க. எனக்கு வேலை மிச்சம்."

"நான் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மச்சான்."

"ஏன்? பொண்டாட்டிகிட்ட சொன்ன வாய்தானே?"

சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டான். மறுநாள் காலை வழக்கம்போல் மாப்பிள்ளையை அழைத்துப்போக அவர்கள் வாசலில் நின்றான். தங்கை கதவைத் திறந்தாள், புருஷனின் பையை அண்ணன் கையில் கொடுத்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

*

"மச்சான், உங்க முனை வெளிய போய்த் திரும்பி வர்றப்ப நான் இழுத்துப் பிடிக்கறேன்" என்றான் மாப்பிள்ளை. "நீங்க பின்னைப் போடுங்க."

கையில் கண்ணாடி பிடிக்கும் ரப்பர்க் கிண்ணத்தை எடுத்திருந்தான். கண்ணாடியில் வைத்து நெம்புகோலைத் தள்ளினால் காற்றை உறிஞ்சிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். பெரிய கண்ணாடிகளைத் தூக்குவதற்கு உள்ளது. தன் இடத்திலிருந்து கூண்டின் நடுவுக்கு ஊர்ந்து வந்தான். கூண்டு அவன் பக்கம் சாய்ந்தது. வாளி கவிழ்ந்து சோப்புத் தண்ணீர் முழுவதும் காற்றில் தூளாகிப் பக்கவாட்டில் பறந்தது.

காற்று உள்வாங்கியது. வலது முனை திரும்பி வந்தது.

"இப்ப!"

மாப்பிள்ளை கிண்ணத்தைக் கண்ணாடியில் அறைந்து நெம்புகோலைத் தள்ளினான். அது பிடித்தது. இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டு, முழங்காலைக் கூண்டின் விளிம்புக்கு அடியில் கொடுத்து இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நீள மேஜை, சுவரில் ஒரு படம், படத்தைச் சுட்டிக்காட்டும் ஒருவர். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் முதலில் எழுந்தாள். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் ஓடிவந்து, மாப்பிள்ளையின் கிண்ணம் ஒட்டியிருந்த இடத்தில் உள்ளேயிருந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினார். அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் எடுக்கவும் இல்லை.

பல்லி பின்னை எடுத்தான். எடுத்தானா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். கையுறையைப் பல்லால் கடித்து உருவினான். கூண்டுக்கு வெளியே இடுப்புவரை சாய்ந்து, துளையைத் தேடி, பின்னை வைத்து அழுத்தினான். உள்ளங்கையால் தட்டினான். இன்னொரு முறை தட்டினான்.

"போட்டாச்சா மச்சான்?"

பல்லி பின்னின் தலையை எட்டிப் பார்த்தான்.

"மச்சான், கிண்ணம் வழுக்குது. நான் விட்டாத்தான் வந்து இழுத்துப் பாக்க முடியும். விட்ற நேரத்துல அது பூட்டலைன்னா என் பக்கத்துப் பின்னும் போயிடும். பூட்டிடுச்சா?"

பூட்டியிருக்கலாம். பின்னின் தலை சட்டத்தோடு ஒட்டி நிற்பதுபோல்தான் இருந்தது. அவன் நின்ற கோணத்திலிருந்து அதன் அடிப்பக்கம் தெரியவில்லை. சற்று முன்பும் இப்படித்தான் இருந்தது. 'மாட்டியாச்சு' என்று நாக்கு நுனியில் வந்து நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிவந்த சொல். சொன்னால் மாப்பிள்ளை விட்டுவிடுவான். அப்போதும் நம்பினான், இப்போதும் நம்புவான்.

மாப்பிள்ளையின் மார்பில் துணி இறுகியிருந்தது. வாக்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தெரியலடா" என்றான் பல்லி.

"என்ன மச்சான்?"

"தெரியலடா மாப்ள! விரல்ல ஒண்ணும் தெரியல! பூட்டுச்சா பூட்டலையான்னு எனக்குத் தெரியாது. விட்டுடாதே. நான் சொல்ற வரைக்கும் விட்டுடாதே!"

மேலே மோட்டார் பக்கத்தில் வானொலி வாயைப் பொத்திக்கொண்டான் என்று பிறகு சொன்னார்கள்.

"விடல" என்றான் மாப்பிள்ளை. "விடல. கையில தெரியலைன்னா வேற எதுல தெரியும் மச்சான்? முகத்தை வெச்சுப் பாருங்க."

பல்லி இன்னும் சாய்ந்தான். பெல்ட் அவன் விலா எலும்பை அறுத்தது. தலையைச் சட்டத்தை ஒட்டிக் கொண்டுபோய், பின் இருந்த இடத்தில் உதட்டை வைத்தான். அலுமினியம் சில்லென்று இருந்தது. அந்தக் குளிர் அவனுக்குத் தெரிந்தது. எவ்வளவு நாளாயிற்று ஒரு பொருள் குளிர்கிறது என்று தெரிந்து. உதட்டால் பின்னின் தலையைச் சுற்றித் தடவினான். மேல் பக்கம் ஒட்டியிருந்தது. கீழ்ப் பக்கம் ஓர் அரிசி நுழையும் அளவுக்கு இடைவெளி.

"பூட்டல!" என்று கத்தினான். "கோணிக்கிட்டு இருக்கு!"

"சீக்கிரம் மச்சான்."

உள்ளே நின்றவர்களுக்கு, ஒரு மனிதன் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கட்டடத்துக்கு முத்தம் கொடுக்கிறான் என்றுதான் தோன்றியிருக்கும். ஜன்னலோரத்துப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பல்லி உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பின்னுக்குக் கீழே கொடுத்து மேல்நோக்கி நெம்பினான். உதட்டை எடுக்கவில்லை. இடைவெளி நகர்ந்தது, இப்போது சுற்றிலும் ஒரே அளவு. கிண்ணம் கண்ணாடியில் கிறீச்சிட்டு ஒரு விரற்கடை வழுக்கியது. மாப்பிள்ளை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். கட்டடத்தையா மச்சானையா என்று தெரியவில்லை. பல்லி தாடையைப் பின்மேல் வைத்து, கூண்டின் கம்பியைப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் முன்னால் தள்ளினான்.

உதறல் பல்லில் தெரிந்தது. அங்கிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து காதுக்கு.

அப்படியும் உதட்டால் ஒரு சுற்று தடவிப் பார்த்தான். இடைவெளி இல்லை.

"மாட்டியாச்சு" என்றான். "நீ வந்து இழுத்துப் பாரு. நல்லா இழு."

மாப்பிள்ளை கிண்ணத்தை மெல்லத் தளர்த்தினான். கூண்டு அசைந்தது, நின்றது. அவன் வலது முனைக்கு ஊர்ந்து வந்து, பல்லியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். காலைச் சட்டத்தில் ஊன்றி இன்னொரு முறை இழுத்தான். திருப்தியில்லாதவன்போல் மூன்றாம் முறையும் இழுத்தான்.

"ஆச்சு" என்றான். அப்படியே கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

காற்று அடங்கும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பல்லியின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மாப்பிள்ளை வாக்கியிலிருந்து துணியை உருவப் போனான்; நினைத்துக்கொண்டவன்போல் நிறுத்தினான்.

"உருவினா அவன் பேசுவான் மச்சான்."

"பேசட்டும் விடு."

உருவினான். வானொலி, "கீழ இறக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டான். அவ்வளவு சுருக்கமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு துளையாக, ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளை இரண்டு முனைக்கும் நடந்து இழுத்துப் பார்க்க, இறங்கினார்கள். வழியில் பல்லி கேட்டான்.

"மொதல்ல இழுத்துப் பாக்க வந்தப்ப ஏன்டா கையைத் திருப்பிட்டே?"

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இழுத்துப் பாத்தா, உங்க கையைச் சந்தேகப்பட்டுத்தான் இழுக்கறேன்னு நெனப்பீங்க. ஏற்கனவே வீட்டுல அப்படி ஆயிடுச்சு. இன்னொரு தரம் அவமானப்படுத்த வேணாம்னுதான்..."

"மரியாதை குடுத்தே."

"ஆமா."

"நல்லா குடுத்தே போ."

கீழே சூப்பர்வைசர் மேடம் தடுப்புக் கயிற்றுக்கு உள்ளே வந்து நின்றிருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு பல்லியின் உதட்டை.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"குளிர் காலத்துலேர்ந்து மேடம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மேல விட மாட்டீங்க."

"விட மாட்டேன்தான்."

"மறுபிடி நான் பாக்கல மேடம்" என்றான் மாப்பிள்ளை. "தப்பு என்னோடது."

"அவன் பாக்கத்தான் வந்தான்" என்றான் பல்லி. "நான் மொறைச்சேன், நின்னுட்டான். அவன் பேரை எழுதாதீங்க."

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெல்ட்டைக் கழட்டிக் குடுங்க" என்று பல்லியிடம் சொன்னார். கொக்கியை அவனால் கழற்ற முடியவில்லை. மாப்பிள்ளை கழற்றிக் கொடுத்தான்.

அன்றும் பல்லி மாப்பிள்ளையைக் கொண்டுபோய் விட்டான். தங்கை வாசலில் நின்றாள். அவளுக்கு எப்படியோ சேதி போயிருந்தது. அண்ணன் மேல் பாயப்போகிறவள்போல் வந்தாள். உதட்டைப் பார்த்ததும் நின்றாள்.

"கீறல் அவனுக்கு இல்ல" என்றான் பல்லி. "எனக்குத்தான்."

அவள் அழுதாள். அவன் உள்ளே போகாமல் திரும்பினான்.

மறுநாள் காலை அவன் மனைவி சலவைக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் பஞ்சால் ஒவ்வொரு விரலையும் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். அறுவை சிகிச்சை செய்யலாம், உணர்ச்சி முழுவதும் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். மனைவிதான் கேள்விகள் கேட்டாள். தேதி கொடுத்தார்கள்.

மத்தியானம் பல்லி வேலைக்குப் போனான். மேடம் அவனைத் தடுப்புக் கயிற்றில் நிற்கச் சொன்னார். கூண்டுக்கு நேர் கீழே யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்தான். ஒரு பெண் வங்கிக்கு வழி கேட்டாள், சொன்னான். இரண்டு பேர் கயிற்றைத் தாண்டப் பார்த்தார்கள், தடுத்தான். மேலே மாப்பிள்ளையும் வேறொரு ஆளும் மேற்குப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று அதிகம் இல்லை. ஐந்து மணிக்குக் கூண்டை மேலே ஏற்றிக் கட்டினார்கள். பல்லி கூம்புகளை எடுத்துக் கிடங்கில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.